படிச்ச புக்குக்கு ஒரு நோட்டு, ஒரு ஷீட்டு: வருஷக் கணக்கு எப்படி வச்சுக்கலாம்

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஜனவரியில நந்தனம் புக் ஃபேர்ல ஒரு நாவலை ஆசையா வாங்கிட்டு வந்து ஷெல்ஃப்ல வைக்கப் போனா, அதே நாவல், அதே பதிப்பகம், அதே அட்டை, ஏற்கனவே அங்க உக்காந்துட்டு இருக்கு. சரி வாங்கிப் போட்டுட்டு படிக்காம விட்டுருப்போம்னு பிரிச்சுப் பாத்தா உள்ள பென்சில்ல கோடு போட்டிருக்கு, என் கோடுதான், 140ஆம் பக்கம் வரைக்கும். பாதி படிச்சிருக்கேன், படிச்சதே ஞாபகம் இல்ல. 10 பர்சன்ட் தள்ளுபடியில வாங்கின சந்தோஷம் அன்னைக்கே போச்சு. அதுக்கப்புறம்தான் கணக்கு எழுத ஆரம்பிச்சேன், அதுலயும் முதல் வருஷம் சொதப்பினேன், இப்போ ஓரளவு ஒரு வழிக்கு வந்திருக்கு, அதைத்தான் எழுதுறேன்.

சொதப்பல் என்னன்னா, கூகுள் ஷீட்ஸ்ல 14 காலம் (column) போட்டு, வகைக்கு ஒரு ட்ராப் டவுன், ஸ்டார் ரேட்டிங், கலர் கலரா கட்டம், பக்கத்துல ஒரு பை சார்ட்னு அலங்காரம் பண்ணி வச்சேன். மார்ச் மாசத்தோட செத்துப் போச்சு. ராத்திரி பதினொன்றரைக்கு படுத்துட்டே ஒரு புக்கை முடிச்சா எந்திரிச்சு லேப்டாப்பைத் திறந்து 14 கட்டத்தை யாரு நிரப்புவா, நாளைக்குப் பாத்துக்கலாம்னு தூங்குவோம், நாளைக்கு வேற வேலை வந்துரும், நாலு புக் சேந்ததும் எந்தத் தேதியில முடிச்சோம்னே தெரியாது, அப்புறம் அந்த ஷீட்டைத் திறக்கவே ஒரு மாதிரி இருக்கும்.

அதனால முதல்ல நோட்டு வாங்குங்க. சாதாரண லாங் சைஸ் கோடு போட்ட நோட்டு, 80 பக்கம் போதும். புது வருஷத்துக்கு நகைக்கடையிலயும் பேங்க்லயும் குடுக்கிற டைரி வேணாம், அதுல நாளுக்கு ஒரு பக்கம் இருக்கிறதால எழுதாத பக்கமெல்லாம் நம்மளப் பாத்து முறைச்சுட்டே இருக்கும். நோட்டை மேசை மேல வைக்காதீங்க, எங்க உக்காந்து படிக்கிறீங்களோ அங்க, தலகாணி பக்கத்துலயோ சோஃபா கைப்பிடியிலயோ, ஒரு பேனாவையும் சேத்துக் கட்டி வச்சிருங்க. பேனா தேடப் போற அந்த ரெண்டு நிமிஷத்துலதான் பாதிப் பேர் கணக்கை விட்டுடுறாங்க, நானும்தான்.

இப்போ எப்போ எழுதணும்ங்கிறது. எல்லாரும் புக்கை முடிச்சதும் எழுதுவாங்க. அப்படிப் பண்ணாதீங்க, ஆரம்பிக்கிற அன்னைக்கே எழுதுங்க. முடிச்சதும் எழுதினா முடிச்ச புக் மட்டும்தான் நோட்டுக்குள்ள வரும், பாதியில விட்டது எதுவும் வராது, எனக்கு ரெண்டாவது காப்பி வாங்க வச்சது அந்தப் பாதியில விட்ட புக்தானே! முதல் பக்கத்தைத் திறந்த அன்னைக்கு புக் பேர், எழுதினவர், பதிப்பகம், தேதி, கைக்கு எப்படி வந்துச்சு (வாங்கினதா, லைப்ரரியா, ஓசியா), அவ்வளவுதான். கீழ மூணு வரி காலியா விட்டுருங்க. முடிச்சா முடிச்ச தேதி, விட்டா எத்தனாவது பக்கத்துல விட்டீங்க, ஏன் விட்டீங்கன்னு அந்த இடத்துல வரும்.

பதிப்பகம் எதுக்குன்னு கேப்பீங்க. நம்ம ஊர்ல நாட்டுடைமை ஆன எழுத்தாளர்களோட புக்கை யார் வேணும்னாலும் போடலாம்ல, பாரதியார் கவிதைன்னு கேட்டா கடையில ஏழெட்டு பதிப்பு எடுத்து வைப்பாங்க. பக்க எண் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகாது. 212ஆம் பக்கத்துல விட்டேன்னு எழுதி வச்சுட்டு வேற பதிப்பை எடுத்தா அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்ல. சிறுகதைத் தொகுப்புல இன்னும் மோசம், ஒரே கதை "தேர்ந்தெடுத்த கதைகள்"லயும் இருக்கும், முழுத் தொகுப்புலயும் இருக்கும், வேற பேர்ல வந்த சின்ன புக்லயும் இருக்கும். தொகுப்புக்கு நான் பண்றது, புக்கோட பொருளடக்கத்துலயே படிச்ச கதைக்கு நேரா பென்சில்ல ஒரு டிக். லைப்ரரி புக்ல அதைப் பண்ணாதீங்க, பொருளடக்கத்தை ஃபோன்ல ஒரு போட்டோ எடுத்து அதுல மார்க் பண்ணிக்கலாம்.

விட்ட காரணத்தை நேர்மையா எழுதுங்க, யாரும் பாக்கப் போறதில்ல. ஒரு வருஷம் முடிஞ்சு என் நோட்டைப் புரட்டினப்போ விட்ட புக் 9, அதுல 5 கதை பிடிக்காம விட்டது இல்ல, எழுத்து பொடிசா இருந்து ராத்திரி லைட்ல கண்ணு வலிச்சு விட்டது. இலக்கிய ரசனை மாறிடுச்சோன்னு நான் கவலைப்பட்டுட்டு இருந்தேன், கண்ணாடி பவர்தான் மாறியிருக்கு.

அடுத்தது அந்த ஒரு வரி. முடிச்ச அன்னைக்கே, தூங்கறதுக்கு முன்னாடி, ஒரே ஒரு வரி எழுதணும். "அருமை", "விறுவிறுப்பு", "கண்டிப்பா படிக்கணும்" இதெல்லாம் எழுதினா ஆறு மாசம் கழிச்சு எந்தப் புக்குக்கு எழுதினோம்னே தெரியாது, எல்லா வரியும் ஒரே மாதிரி இருக்கும். கண்ணுல நிக்கிற ஒரு காட்சியை எழுதுங்க, இல்லன்னா படிச்ச இடத்தை எழுதுங்க. என் நோட்டுல ஒரு வரி இப்படி இருக்கு: "கிழவி ஆட்டை வித்துட்டு கயிறை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வர்ற இடம். விழுப்புரம் தாண்டினதே தெரியல." இதைப் பாத்தா மொத்தக் கதையும் திரும்ப வந்துருது. ரேட்டிங் வேணும்னா போட்டுக்கோங்க, நான் போடறதை விட்டுட்டேன், எல்லாத்துக்கும் நாலுதான் போட்டுட்டு இருந்தேன்.

எதை எல்லாம் ஒண்ணுன்னு எண்றதுங்கிற சண்டை கண்டிப்பா வரும். பொன்னியின் செல்வன் அஞ்சு பாகம், அது ஒண்ணா அஞ்சா? 80 பக்கக் குறுநாவலும் 800 பக்க நாவலும் ஒரே கணக்கா? ஏதோ ஒரு விதி வச்சுக்கோங்க, நோட்டோட முதல் பக்கத்துல எழுதிருங்க, வருஷ நடுவுல மட்டும் மாத்தாதீங்க. என் விதி, தனியா பைண்ட் பண்ணி அட்டை இருந்தா ஒண்ணு. ரெண்டாவது தடவை படிச்சா அதுவும் ஒண்ணு, பக்கத்துல "ம" போட்டுக்குவேன், மறுவாசிப்பு. ஆடியோ புக் கணக்குல உண்டு, பாத்திரம் கழுவிட்டே கேட்டாலும் கேட்டதுதான். பொண்ணுக்கு ராத்திரி வாசிச்சுக் காட்டுற படம் போட்ட புக்கெல்லாம் கடைசிப் பக்கத்துல தனியா, ஏன்னா ஒரே யானைக் கதையை ஒரு மாசத்துல 22 தடவை வாசிச்சிருக்கேன், அதைச் சேத்தா கணக்கு எங்கயோ போயிரும்.

வருஷத்துக்கு 50, 100னு டார்கெட் வைக்கிறவங்க முதல்ல ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. நாளுக்கு 20 பக்கம்னா வருஷத்துக்கு 7,300 பக்கம், 250 பக்க புக்குன்னா 29 வரும், கல்யாணம் காச்சி, காய்ச்சல், ஆபீஸ் ஆடிட்டுன்னு எல்லாம் போக 22ன்னு வைங்க. 100 அடிக்கணும்னா நாளுக்கு கிட்டத்தட்ட 70 பக்கம். முடியும்னா நல்லது, முடியலன்னா டிசம்பர்ல மெலிசு மெலிசா புக்கைத் தேடிப் பிடிச்சு எண்ணிக்கையை ஏத்துற நிலைமை வரும், நான் அதையும் பண்ணியிருக்கேன்.

ஷீட்டுக்கு வருவோம். மாசத்துக்கு ஒரு தடவை, ஞாயித்துக்கிழமை மத்தியானம், நோட்டுல இருக்கறதை ஷீட்ல ஏத்துங்க. தேடறதுக்கு மட்டும்தான் ஷீட்டு, கடையில நிக்கும்போது ஃபோன்ல பாத்து "இது வீட்ல இருக்கா"ன்னு தெரிஞ்சுக்க. ஆறு காலத்துக்கு மேல வேணாம். தமிழ்ல வர்ற தொல்லை இனிஷியல். கி.ரா, தி.ஜா, லா.ச.ரான்னு ஒரு தடவை சுருக்கி எழுதுவோம், இன்னொரு தடவை முழுப் பேர், ஒரு தடவை புள்ளிக்கு அப்புறம் இடம் விடுவோம், ஒரு தடவை விட மாட்டோம், கன்ட்ரோல் எஃப் போட்டா பாதி வராது. அகர வரிசைப்படுத்தினாலும் இனிஷியல்படிதான் அடுக்கும். அதனால பேரை முன்னாடி போட்டு இனிஷியலைக் கடைசியில போடுங்க, "ராஜநாராயணன் கி." அப்படி. பேரை நீங்களே டைப் பண்ணுங்க, பழைய பிடிஎஃப்லேருந்து காப்பி பண்ணினா யூனிகோட் இல்லாத ஃபான்ட்டா இருந்து கொக்கி கொக்கியா வரும்.

தேதியில ஒரு பொறி இருக்கு. ஷீட்டோட லோகேல், அதாவது எந்த நாட்டு முறைங்கிற செட்டிங், அமெரிக்கான்னு இருந்தா 03/04ன்னு நீங்க ஏப்ரல் 3ஐ அடிச்சது மார்ச் 4 ஆயிடும், 13/04ஐ தேதியாவே எடுத்துக்காது, அப்புறம் வரிசைப்படுத்தினா எல்லாம் குழம்பும். ஃபைல் மெனுல செட்டிங்ஸ் போயி லோகேலை இந்தியான்னு மாத்திட்டு ஆரம்பிங்க. ஐஎஸ்பிஎன் (புக்குக்கு அடையாளமா குடுக்கிற எண்) எழுதுற ஆசை இருந்தா அந்தக் காலத்தை ப்ளெய்ன் டெக்ஸ்ட்னு வச்சிருங்க, இல்லன்னா எக்செல்ல திறக்கும்போது 13 இலக்கத்தையும் சுருக்கி 9.78E+12ன்னு காட்டும். என்னைக் கேட்டா ஐஎஸ்பிஎன் வேணாம், பழைய தமிழ் புக் நிறையத்துல அது கிடையவே கிடையாது.

ஆப் தான் வேணும்ங்கிறவங்களுக்கு: குட்ரீட்ஸ்ல ஆள் அதிகம், 2013லேருந்து அமேசான் கையில இருக்கு, ஆனா தமிழ் புக்கைத் தேடினா ஒண்ணு தமிழ் எழுத்துல ஒண்ணு இங்கிலீஷ் எழுத்துலன்னு ரெண்டு மூணு பதிவு நிக்கும், ஒண்ணுமே இல்லாமலும் இருக்கும். ஸ்டோரிகிராஃப்ல கால் ஸ்டார், அரை ஸ்டார் போடலாம், பாதியில விட்டதுக்குன்னே தனி இடம் இருக்கு, குட்ரீட்ஸ்ல வச்சிருந்த லிஸ்ட்டையும் உள்ள இழுத்துக்கும். எதுல இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை எக்ஸ்போர்ட் பண்ணி சிஎஸ்வி ஃபைலை (ஷீட்ல திறக்கிற மாதிரி மொத்த லிஸ்ட்டும் இருக்கிற ஃபைல்) எடுத்து வச்சுக்கோங்க. குட்ரீட்ஸ்ல அதை ஆப்ல தேடாம ப்ரவுசர்ல போயி எடுங்க. அந்த ஃபைலை நேரா எக்செல்ல டபுள் கிளிக் பண்ணினா தமிழெல்லாம் கிறுக்கலா தெரிய வாய்ப்பிருக்கு, பயந்துராதீங்க, கூகுள் ஷீட்ஸ்ல இம்போர்ட் பண்ணினா ஒழுங்கா வரும். கிண்டில் கருவி வச்சிருந்தா நீங்க ஹைலைட் பண்ணினதெல்லாம் அதுக்குள்ள மை கிளிப்பிங்ஸ்னு ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல சேந்துட்டே இருக்கும், கேபிள் போட்டு எடுத்துக்கலாம்.

லைப்ரரியில எடுத்துப் படிக்கிறவங்கதான் இந்தக் கணக்கை ஒழுங்கா வச்சுக்கணும். சொந்த புக்குன்னா ஷெல்ஃப்ல முதுகைப் பாத்தாவது ஞாபகம் வரும், கிளை நூலகத்துல திருப்பிக் குடுத்த புக்குக்கு நம்மகிட்ட ஒரு தடயமும் இருக்காது. அட்டையை ஒரு போட்டோ, முதுகுல ஒட்டியிருக்கிற எண்ணையும் சேத்து, அதைப் பாத்து அப்புறமா நோட்டுல ஏத்திக்கலாம்.

இரவல் கணக்கு நோட்டோட பின்பக்கத்துலேருந்து ஆரம்பிக்கணும். யாருக்குக் குடுத்தோம், என்னைக்கு. எங்கப்பா புக் வாங்கினா முதல் பக்கத்துல பேரு, ஊரு, தேதி எழுதி கையெழுத்து போடுவாரு, அப்படி எழுதின புக்கும் திரும்பி வரலதான், ஆனா யார்கிட்ட கேக்கணும்னாவது எனக்குத் தெரியுது. வாட்ஸப்ல "அந்த புக் படிச்சாச்சா"ன்னு மூணு மாசத்துக்கு ஒரு தடவை கேக்கலாம், தப்பில்ல.

டிசம்பர் கடைசி வாரம் ஒரே ஒரு வேலை. நோட்டுல முடிச்ச தேதி இல்லாம தொங்கிட்டு இருக்கிறதை எல்லாம் பாருங்க. இன்னும் படிக்க ஆசை இருக்கிறதை புது நோட்டோட முதல் பக்கத்துக்கு, பக்க எண்ணோட, மாத்துங்க. ஆசை இல்லாததுக்கு நேரா "விட்டாச்சு"ன்னு எழுதிட்டு அந்த புக்கை யாருக்காவது குடுத்துருங்க. படிக்காம ஷெல்ஃப்ல இருக்கிறதையும் எண்ணி ஓரமா எழுதிக்கோங்க, போன டிசம்பர்ல எனக்கு 61. அதை ஒரு சீட்டுல எழுதி பர்ஸ்ல வச்சுக்கிட்டுதான் புக் ஃபேருக்குப் போனேன், அப்படியும் 14 வாங்கிட்டேன், ஆனா 14ல ஒண்ணு கூட வீட்ல ஏற்கனவே இருந்தது இல்ல.