மாத்திரையை எப்போது விடுவாய்? மாற்று மருந்தில் இருக்கும் தோழருக்குத் துணை நிற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹெராயினிலோ, வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கத்திலோ சிக்கி மீண்டு வருபவர்களுக்கு, மருத்துவர்கள் பியூப்ரினார்ஃபின் என்னும் மாற்று மருந்து மாத்திரையை மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தருகிறார்கள். மன்னார்குடிப் பக்கத்து நண்பர் ஒருவர் அதை எடுத்துக்கொள்கிறார். நான் குடியிலிருந்து மீண்டவன்; கும்பகோணத்தில் நடக்கும் வாரக் கூட்டமொன்றில்தான் இருவரும் பழகினோம். கீழே சொல்லும் தவறுகளில் பாதி நானே செய்தவை.

அவற்றில் பெரியது, "இன்னும் எத்தனை நாளைக்கு மாத்திரை?" என்ற கேள்வி. கேட்பவருக்கு அது அக்கறை. கேட்கப்படுபவருக்கோ, தான் இன்னும் மீளவில்லை என்ற தீர்ப்பு. ஒரு தைப் பொங்கலன்று, "தை பிறந்திடுச்சு, இதோட விட்டுடுங்கண்ணே" என்று நான் சொல்லிவைத்தேன். அவர் மருத்துவரிடம் சொல்லாமல் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடத் தொடங்கினார். சில நாட்களில் வியர்வை, ஓயாத கொட்டாவி, மூக்கொழுகல், கால்களில் குடைச்சல் எல்லாம் வந்தன. ஒரு மாலை, முன்பு போதைக்கு மாத்திரை வாங்கிய தெருமுனையில் நின்றுகொண்டு என்னைத் தொலைபேசியில் அழைத்தார். பிறகு ஒருநாள், "கதிர் பால் பிடிக்கிறப்ப வாய்க்காலை அடைப்பியா தம்பி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இந்த மருந்து செயல்படும் விதம் தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். போதைப்பொருள் மூளையில் எந்த இடத்தில் போய் ஒட்டுகிறதோ, அதே இடத்தில்தான் இதுவும் ஒட்டுகிறது. ஆனால் அந்த இடத்தை அரைகுறையாகவே தூண்டுகிறது. அதனால் ஏக்கமும் உடல் வாதையும் அடங்குகின்றன. சரியான அளவில் பழகியவருக்குக் கிறக்கம் வருவதில்லை. நாளுக்கொரு வேளை பெரும்பாலோருக்குப் போதுமானதாக இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2005-இல் இதையும் மெத்தடோன் என்னும் இன்னொரு மாற்று மருந்தையும் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. எனவே "ஒரு போதையை விட்டு இன்னொரு போதை" என்பது, இன்சுலின் போடுபவரைப் பழக்க அடிமை என்பதைப் போன்ற பேச்சு. அவசரப்பட்டு விடுவதன் ஆபத்தோ வேறு வகையானது. சிகிச்சையை விட்ட முதல் 4 வாரங்களில்தான் இறப்பு ஆபத்து மிகவும் கூடுகிறது. உடலின் தாங்கும் திறன் குறைந்துவிட்டிருப்பதால், முன்பு தாங்கிய அதே அளவு இப்போது மூச்சை நிறுத்திவிடலாம். எப்போது குறைப்பது, குறைக்கத்தான் வேண்டுமா என்பதை அவரும் மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும்.

இதே தவறு கூட்டங்களில் வேறு உருவில் வருகிறது. போதையின்றி எத்தனை நாள் என்று ஒவ்வொருவரும் சொல்லிக் கைத்தட்டு வாங்கும்போது, "மாத்திரை போட்ட நாளெல்லாம் கணக்கில் சேராது" என்று யாராவது முணுமுணுப்பார்கள். அதை அந்த இடத்திலேயே மறுத்துப் பேசாமல் சும்மா இருப்பதும் தவறுதான்.

மாத்திரையை நாக்குக்கடியில் வைத்து, முழுதும் கரையும்வரை, அதாவது 5 முதல் 10 நிமிடம் வரை, பேசாமல் இருக்க வேண்டும். விழுங்கினால் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும். அந்த நேரத்தில் "டீ ஆறுது, குடிங்க" என்று அவசரப்படுத்துவதும், கும்பகோணம் வெற்றிலை மடித்து நீட்டுவதும் அன்பால் செய்யும் கெடுதல்கள். நண்பர் முதலில் ஒரு வாய் தண்ணீர் குடித்து வாயை ஈரமாக்கிக்கொள்வார். பிறகு மாத்திரையை வைத்துக்கொண்டு, கடைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். கரைந்ததும் தண்ணீரை வாயில் சுழற்றி விழுங்குவார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் பல் துலக்க வேண்டும். இந்த மாத்திரையால் பல் கெடக்கூடும் என்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2022-இல் எச்சரித்திருக்கிறது.

காவல்காரராக மாறுவது அடுத்த தவறு. கையில் ஊசித் தழும்பு தேடுவது, அட்டையில் மீதி மாத்திரைகளை எண்ணுவது, வீட்டுக்குத் தொலைபேசி செய்து விசாரிப்பது ஆகியவை அவரைப் பொய் சொல்லத்தான் பழக்கும். அவரே "நீ வைத்துக் கொடு" என்று கேட்டால் அது வேறு. ஆனால் மாத்திரை குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டிய பெட்டியில் இருக்கிறதா என்று ஒருமுறை கேட்பது அவசியம். ஒரே மாத்திரைகூடக் குழந்தையின் உயிருக்கு ஆபத்து. வேறொருவருக்கு அதைப் பகிர்ந்து கொடுப்பதும் கூடாது.

கல்யாணத்திலும் கோயில் திருவிழாவிலும் "ஒரு பீர்தானே" என்று உபசரிப்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும்: மதுவோ தூக்க மாத்திரையோ இதோடு சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். அப்படி ஒருவர் எழுப்பியும் எழாமல், குறட்டை போன்ற கரகர மூச்சோடும் நீலம் பாய்ந்த உதடுகளோடும் கிடந்தால், நம் ஊரில் உடனே எலுமிச்சைச் சாறோ மோரோ புகட்டுவார்கள். அது மூச்சுக்குழாயில் இறங்கி உயிரை வாங்கிவிடும். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழைத்து, எதைச் சாப்பிட்டார் என்று மறைக்காமல் சொல்லுங்கள். ஹெராயின் வகைப் பொருள்களால் மந்தமான மூச்சை மீட்க நலாக்சோன் என்னும் முறிவு மருந்து இருக்கிறது.

பல் பிடுங்கினாலும் வண்டியில் விழுந்தாலும், வலிக்கு ஊசி போடும் மருத்துவரிடம் இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொல்பவர் அவராகவே இருக்கட்டும். நண்பர் என்ற உரிமையில் டீக்கடையிலோ பெண் பார்க்கப் போன இடத்திலோ நாம் சொல்லிவிடக் கூடாது. சிகிச்சைத் தகவல் இரகசியமாக இருப்பது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அவருக்குத் தந்த உரிமை.

டெல்டாக்காரர்கள் மறப்பது மழைக்காலத்தை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது மரங்கள் விழுந்து சாலைகள் அடைபட்டதும், பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்ததும் நினைவிருக்கும். சிகிச்சை மையத்துக்கு அன்றாடம் போய் மருந்து வாங்குபவருக்குப் பஸ் நின்றால் மருந்தும் நின்றுவிடும். ஐப்பசி பிறக்கும் முன்பே, வீட்டுக்குச் சில நாள் மருந்து தர முடியுமா என்று மருத்துவரிடம் கேட்டுவைக்கும்படி நினைவூட்டுவது, நூறு அறிவுரைகளைவிட உதவும்.

சறுக்கிவிட்டார் என்று தெரிந்தால் பேச்சை முறிப்பதும், "மாத்திரையைப் போட்டுச் சரிபண்ணு" என்று உடனே அதைக் கையில் கொடுப்பதும் தவறு. போதைப்பொருள் உடலில் இருக்கும்போது பியூப்ரினார்ஃபின் போட்டால், அது மற்றதை இடத்தைவிட்டுத் தள்ளி, கடும் வாதையைத் திடீரென உண்டாக்கும். சில நாள் விட்டுப்போயிருந்தாலும் பழைய அளவில் தானாகத் தொடங்கக் கூடாது. மருத்துவர் கிடைக்காத நேரத்தில் 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண்ணை அழைக்கலாம். மறுநாள் முதல் பஸ்ஸுக்கு அவர் கையில் காசிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.