பொது நீச்சல் குளத்தில் இடிபடாமல் நீந்துவது எப்படி?

நான் நீச்சல் பழகியது ஊர்க் கிணற்றில். அந்தத் தைரியத்தில் நாற்பது வயதில் சென்னையில் ஒரு குளத்துக்கு மாதக் கட்டணம் கட்டினேன். இரண்டாம் நாளே, எதிரே ப்ரெஸ்ட் ஸ்ட்ரோக் (தவளை மாதிரி காலை விரித்து உதைக்கும் நீச்சல்) போட்டு வந்தவரின் குதிகால் என் தாடையைப் பதம் பார்த்தது. தப்பு என்மேல்தான். கிணற்றில் ஏது லேன், அதாவது நீந்துவதற்கென்று பிரித்துவிட்ட நீளமான பாதை? உடற்பயிற்சிக்காக இப்போதுதான் குளத்துக்குப் போகத் தொடங்குகிறீர்கள் என்றால், நான் பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: பணம் கட்டும் முன் ஒரு நாள் சும்மா போய்ப் பாருங்கள்

நீங்கள் வரப்போகும் அதே பேட்ச் நேரத்தில் போய், எத்தனை பேர் இறங்குகிறார்கள், எத்தனை லேன்களைக் கோச்சிங் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள் என்று கவனியுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் கோடைப் பயிற்சிக் கூட்டம் அள்ளும். முடிந்தால் பள்ளி திறந்தபின் சேருங்கள். குளத்தின் நீளம் 25 மீட்டரா 50 மீட்டரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், பின்னால் கணக்குக்கு உதவும்.

படி 2: துணி, எண்ணெய்

நைலான் உடையும் தலைக்குத் தொப்பியும் பெரும்பாலான இடங்களில் கட்டாயம். பருத்தி பெர்முடாவுக்கு அனுமதி இல்லை என்றால் கோபப்படாதீர்கள், அதன் நூல் பிசிறு ஃபில்டரில் போய்ச் சிக்கும். தலையில் எண்ணெய் தடவிக்கொண்டும் போகாதீர்கள்.

படி 3: இறங்கும் முன் ஒரு நிமிடம் ஷவர்

குளோரின் வாடை தூக்கலாக அடித்தால் தண்ணீர் படு சுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து குளோரமின் என்ற பொருளாகின்றன. அந்த வாடையும் கண் சிவப்பதும் பெரும்பாலும் அதனால்தான். ஒரு நிமிடம் உடம்பைத் தேய்த்துக் குளித்தாலே பெரும்பகுதி வியர்வை போய்விடும். முடியும் நல்ல தண்ணீரில் முதலிலேயே ஊறிவிட்டால் குளத்துத் தண்ணீரை அவ்வளவாக இழுக்காது.

படி 4: காகிள்ஸ்

வாங்கும்போது பட்டையை மாட்டாமல் கண்ணில் வைத்து லேசாக அழுத்துங்கள். இரண்டு மூன்று நொடி ஒட்டி நின்றால் உங்கள் முகத்துக்குப் பொருந்துகிறது. உள்பக்கத்தை விரலால் துடைக்கவே கூடாது, பனி படியாமல் இருக்கப் பூசியிருக்கும் பூச்சு போய்விடும். போய்விட்டதா? குழந்தை ஷாம்பு ஒரு சொட்டு உள்ளே தடவி, அலசிவிட்டு மாட்டுங்கள்.

படி 5: லேன்

முக்கால்வாசி எரிச்சலும் இங்கேதான். போட்டிக் குளத்தில் ஒரு லேனின் அகலம் 2.5 மீட்டர். இரண்டு பேர் என்றால் ஆளுக்குப் பாதி. மூன்றாவது ஆள் வந்துவிட்டால் சுற்றாக நீந்த வேண்டும்: ஒரு ஓரமாகப் போய் மறு ஓரமாகத் திரும்புவது. எந்தப் பக்கம் போவது என்பது குளத்துக்குக் குளம் மாறும். சாலை மாதிரி இடதுபக்கம்தான் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். கேளுங்கள்.

குதிக்க வேண்டாம். கரையில் காலைத் தொங்கவிட்டு உட்காருங்கள், உள்ளே நீந்துபவர் உங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பியதும் இறங்குங்கள். முன்னால் போகிறவருக்கு ஐந்து, பத்து நொடி இடைவெளி விடுங்கள். மூச்சு வாங்கினால் சுவரின் மூலையில் ஒதுங்குங்கள். நடுவில் நின்றால் வருகிறவர் எங்கே திரும்புவார்?

முந்த வேண்டுமானால் முன்னால் போகிறவரின் பாதத்தை ஒருமுறை தொடுவது பல நாடுகளில் வழக்கம். இங்கே அதைச் செய்து நான் வாங்கிய முறைப்பு போதும். சுவருக்கு வந்ததும், "சார், நான் முன்னாடி போய்க்கட்டுமா?" என்று கேட்டால் யாரும் மறுப்பதில்லை.

ஆழம் குறைந்த பக்கத்தில் மூன்று பேர் நின்று அரசியல் பேசுவார்கள். எல்லாக் குளத்திலும் உண்டு. "ஒரு நிமிஷம் சார், திரும்பிக்கிறேன்" என்றால் விலகுவார்கள், அடுத்த சுற்றில் மறுபடி அங்கேயே நிற்பார்கள். பேசாமல் அடுத்த லேனுக்கு மாறிவிடுங்கள். தலைக்கு மேல் குதிக்கும் பிள்ளைகளைப் பற்றி லைஃப்கார்டிடம் சொல்லுங்கள், பெற்றோரிடம் போனால் சண்டைதான்.

படி 6: கணக்கு

25 மீட்டர் குளத்தில் 40 நீளம் ஒரு கிலோமீட்டர். முதல் வாரம் அந்த ஆசை வேண்டாம். ஒரு நீளம், அரை நிமிட ஓய்வு, இப்படி எட்டு முறை போதும். கிணற்று நீச்சல்காரர்கள் தலையைத் தூக்கியே நீந்துவோம். அதில் இடுப்பு தாழ்ந்து சீக்கிரம் களைத்துவிடும். முகத்தைத் தண்ணீரில் வைத்து அங்கேயே மூச்சை விட்டுப் பழகுங்கள்.

படி 7: ஏறியபின்

சோப்புப் போட்டுக் குளியுங்கள். காதில் தண்ணீர் நின்றால் தலையைச் சாய்த்து, காது மடலைப் பிடித்து லேசாக இழுத்து வடியவிடுங்கள். பட்ஸ் விட்டுக் குடையாதீர்கள். மடலைத் தொட்டாலே வலித்தால் டாக்டரிடம் காட்டிவிட்டு, அவர் சொல்லும்வரை குளத்துக்கு லீவு. நீச்சல் உடையை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப் போடுங்கள். ஈரத்தோடு பைக்குள் சுருட்டி வைத்து மறந்தால், மறுநாள் லாக்கர் அறையில் உங்கள் பக்கத்தில் யாரும் நிற்க மாட்டார்கள்.