நாய்க்கு இடம் உண்டு, பாஸ்போர்ட்டுக்குத்தான் இல்லை

ராமநாதபுரம் மாவட்டத்து அரியமான் கடற்கரைப் பக்கம் சவுக்குத் தோப்புக்குள் வாடகை வீடு எடுக்கப் போகிறீர்களா? நாயை விடுவீர்களா என்று கேட்பதற்கு முன்னால், வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவரைத் தங்க விடுவீர்களா என்று கேளுங்கள்.

மதுரையில் அம்மாவுக்குத் துணை மணிதான், சாதாரண நாட்டு நாய். அதை விட்டுவிட்டு அம்மா எங்கேயும் வர மாட்டார். ராமநாதபுரத்துச் சித்தப்பா வீட்டில் நாயைக் கொல்லைப்புறத்தில் கட்டத்தான் சம்மதம். அதனால்தான் இந்தத் தோப்பு வீடு. லண்டனிலிருந்தே நாயைக் கூட்டி வர நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வேண்டாம். சென்னையில் இறக்க, விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்தின் தடையில்லாச் சான்று முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். திரும்பும்போது பிரிட்டனுக்குள் விமானத்தில் சரக்காகத்தான் விடுவார்கள். கிளம்புமுன் பிரிட்டனிலேயே ரேபிஸ் ரத்தப் பரிசோதனை முடித்திருக்காவிட்டால், இந்தியாவில் ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருக்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். காவல்காரர் மணியைப் பார்த்ததும் சிரட்டையில் தண்ணீர் வைத்தார். என் வெளிநாட்டு பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் முதலாளிக்கு போன் போட்டார். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவரைத் தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசுக்குச் சொல்லும் 'சி படிவம்' (2025 செப்டம்பரிலிருந்து பெயர் 'படிவம் III') இணையத்தில் ஏற்ற வேண்டும். இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் தப்ப முடியாது. அந்த வீட்டுக்கு இணையப் பதிவே இல்லை. "ஸ்டேஷன்ல ஒரு கடிதம் வாங்கிட்டு வந்துருங்க சார், வேற ஒண்ணும் இல்ல" என்றார் முதலாளி.

ஸ்டேஷனில் அது தங்கள் வேலை இல்லை என்றார்கள். அனுப்பிய இடத்தில் அதிகாரி சாப்பிடப் போயிருந்தார். இலங்கை எதிரே இருக்கும் கரை, விசாரிப்பது நியாயம்தான். ஆனால் விசாரிக்கவும் ஆள் இல்லை. மாலையில் வந்தவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சொந்த ஊரு எது?" என்றார். பெரியபட்டினம் பக்கம் என்றேன்.

"அப்ப சொந்த வீட்டுல தங்க வேண்டியதுதானே?"

அந்த வீட்டை விற்றுத்தான் அப்பா என்னைப் படிக்க அனுப்பினார். இதை எந்தப் படிவத்தில் எழுதுவது? இடிந்துபோச்சு என்று சொல்லிவைத்தேன். நகல் எடுத்து வரச் சொன்னார். நகல் கடைக்குப் போனால் மின்சாரம் இல்லை. வாசலில் காருக்குள் அம்மாவும் மணியும். ஆதார் காட்டி உள்ளே போக அம்மாவுக்கு ஒரு நிமிடம் போதும், மணிக்கு அதுவும் வேண்டாம். கடைசியில் கடிதம் என்று எதுவும் கிடைக்கவில்லை; பதிவுள்ள ஒரு லாட்ஜில் எனக்கு மட்டும் அறை போட்டேன். அம்மாவும் மணியும் தோப்பில் தூங்கினார்கள்.

ஆகவே முன்பணம் அனுப்புமுன் அந்தப் படிவம் ஏற்றும் பதிவு இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் போதும். "பாத்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால் வேறு வீடு பாருங்கள்.

நாயைப் பற்றி. சவுக்கு நிழலை நம்பலாம், தோப்பைத் தாண்டினால் உடைமுள்ளும் கருவேலமுள்ளும்தான்; இரவில் பாதத்தை விரித்துப் பாருங்கள். கரையில் கயிறு இல்லாமல் விடாதீர்கள். வலையில் சிக்கிய பேத்தை மீனை மணலில் எறிந்துவிட்டுப் போவார்கள். பந்துபோல் உப்பி, வெள்ளை வயிறு மேலே தெரியக் கிடக்கும். தின்றால் நாய் பிழைப்பது கடினம். நிலத்தடி நீர் உப்பு, கேன் தண்ணீரே கொடுங்கள். தெருநாய்க் கூட்டம் அதிகம், தடுப்பூசி போடாமல் கூட்டிப் போகவே வேண்டாம்.

ராமேஸ்வரம் கோயிலுக்குள் நாய் போகாது, ஒருவர் வெளியே நிற்க வேண்டும். பாம்பன் சாலைப் பாலத்தில் நின்றால் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம் தெரியும். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடிக்குக் காலையிலேயே போய்விடுங்கள். மதியம் மணல் சுடும், நாய் நிற்காது.

அப்புறம், சித்தப்பா வீட்டுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்காவது போங்கள். "காசு கொடுத்துக் காட்டுல படுக்கிற அளவுக்கு வந்துட்டியா" என்று சாப்பாடு முடியும்வரை கேட்பார். பதில் சொல்லாமல் இன்னொரு துண்டு மீன் கேளுங்கள், சித்திக்காவது சந்தோஷம்.