பயமுறுத்தாத பேய்கள்: ஆசிய மாயக்கதைகளைப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொரியத் தொடரில் ஒன்பது வால் நரியைப் பார்த்துவிட்டு, "இதே மாதிரி வேறு என்ன இருக்கிறது?" என்று தேடக் கிளம்பியவர்கள் இப்போது நிறைய. தேடினால் கிடைக்காமல் இல்லை. சீனப் பழங்கதைகள், ஜப்பானியப் பேய்கள், மலாய்ப் பிசாசுகள், ஆயிரம் அத்தியாயம் தாண்டும் இணைய நாவல்கள் என்று கொட்டிக் கிடக்கிறது. ஆனால் பலரும் இரண்டு புத்தகத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். நானும் அப்படி நிறுத்திவிட்டு, சில வருடம் கழித்துத் திரும்பி வந்த ஆள்தான். புத்தகத்தில் கோளாறு இல்லை. நம் வீட்டுப் படியை எடுத்துப் போய் அடுத்த ஊர்ச் சந்தையில் அளந்தால் கணக்கு எப்படிச் சரியாக வரும்?

நான் முதலில் தவறியது, பயத்தை எதிர்பார்த்தது. 'பேய்க்கதை' என்றால் நமக்கு நடுநிசி, புளியமரம், கொலுசுச் சத்தம். அந்த நினைப்போடு சீன எழுத்தாளர் பூ சோங்லிங்கின் 'லியாவ்ஜாய்' கதைத் தொகுப்பைத் திறந்தேன். ஏறக்குறைய ஐந்நூறு கதைகள். நரி பெண்ணாக மாறி வருகிறது. சரி, ரத்தம் குடிக்கப் போகிறது என்று பார்த்தால், அது அந்த ஏழை மாணவனுக்குச் சமைத்துப் போட்டு, வீட்டுக் கணக்கையும் பார்த்துக்கொள்கிறது! 'என்னடா இது' என்று மூடி வைத்துவிட்டேன்.

எழுதியவர் யார் என்று தெரிந்திருந்தால் மூடியிருக்க மாட்டேன். பூ சோங்லிங் (1640–1715) ஷாண்டோங் மாகாணத்துக்காரர். அரசுப் பணிக்கான முதல் கட்டத் தேர்வில் இளம் வயதிலேயே நன்றாகத் தேறிவிட்டு, அடுத்த கட்டமான மாகாணத் தேர்வில் வாழ்நாள் முழுக்கத் தோற்றவர். பணக்கார வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார். எழுபது வயதைத் தாண்டிய பிறகுதான் ஒரு கௌரவப் பட்டம் கிடைத்தது. புத்தகம் அச்சானது 1766இல், அவர் இறந்து ஐம்பது வருடம் கழித்து. நரிப் பெண் ஏன் தோற்றுப்போன மாணவனையே தேடி வருகிறாள் என்பது அப்போது விளங்கும்.

அந்தத் தொகுப்பில் சிள்வண்டைப் பற்றிய கதை ஒன்று உண்டு. அதில் பேயே கிடையாது. அரண்மனையில் சிள்வண்டுச் சண்டை மோகம். ஊருக்கு இத்தனை வண்டு கொடுத்தாக வேண்டும் என்று வரி மாதிரி வசூல். தேர்வில் தேறாத ஓர் அப்பாவியின் தலையில் ஊர்த்தலைவர் பொறுப்பைக் கட்டிவிடுகிறார்கள். வண்டு கொடுக்க முடியாமல் அடி வாங்கித் தொடை புண்ணாகிறது. கடைசியில் எப்படியோ ஒரு நல்ல வண்டைப் பிடித்துக் கொண்டுவந்து ஜாடியில் வைக்கிறார். ஒன்பது வயது மகன் ஆசையாகத் திறந்து பார்க்க, வண்டு தாவி, அவன் அமுக்கிப் பிடிப்பதற்குள் கால் ஒடிந்து செத்துப்போகிறது. அப்பாவுக்குப் பயந்து பையன் கிணற்றில் விழுகிறான். தூக்கி எடுத்தால் மூச்சு மட்டும் இருக்கிறது, பேச்சில்லை. மறுநாள் காலை வாசலில் ஒரு வண்டு கத்துகிறது. பொடி வண்டுதான், ஆனால் சண்டையில் எல்லாவற்றையும் ஜெயிக்கிறது. கொத்த வந்த சேவலின் கொண்டையிலேயே ஏறிக் கடித்துக்கொண்டு தொங்குகிறது. அரண்மனைக்குப் போய் இசைக்கு ஆடுகிறது. வீட்டுக்குப் பணமும் பட்டமும் வருகின்றன. ஒரு வருடம் கழித்துப் பையன் கண் விழித்து, "நான்தான் அந்த வண்டாக இருந்தேன்" என்கிறான்.

இதை மாயக்கதை என்பதா, வரி வசூலைப் பற்றிய கதை என்பதா? கதை எதன் மேல் கோபப்படுகிறது என்று கேட்டுப் படித்தால்தான் பிடி கிடைக்கிறது. பயம் வருகிறதா என்று காத்திருந்தால் கொட்டாவிதான் வரும்.

அடுத்தது, இலவசமாகக் கிடைத்த பழைய மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டு ஆசிரியரை எடை போடுவது. இணையத்தில் சும்மா கிடைக்கும் 'லியாவ்ஜாய்' ஆங்கிலப் பதிப்பு பெரும்பாலும் ஹெர்பர்ட் ஜைல்ஸ் 1880இல் செய்தது. 164 கதைகள்தான். விக்டோரியா காலத்து வீட்டுக்கூடத்தில் உரக்கப் படிக்கக் கூடாதது எல்லாம் வெட்டப்பட்டது. காமம் ஓடும் கதையிலிருந்து காமத்தை எடுத்துவிட்டால் மிச்சம் சப்பென்றுதானே இருக்கும்? 2006இல் ஜான் மின்ஃபோர்டு செய்த பதிப்பில் 104 கதைகள்தான், ஆனால் உப்பும் காரமும் இருக்கிறது. நூலகத்தில் கிடைத்தால் அதை எடுங்கள்.

எல்லாவற்றையும் 'பேய்' என்ற ஒரே மூட்டையில் கட்டுவதும் இந்த வகைத் தவறுதான். நம் ஊரில் மோகினி வேறு, காட்டேரி வேறு, முனி வேறு. காட்டேரியை யாராவது ஐரோப்பிய 'வேம்பயர்' என்று எழுதினால் நமக்குச் சுருக்கென்று இருக்கும். அதையே நாம் கொரியாவின் தொக்கேபிக்குச் செய்கிறோம். 'காப்ளின்' என்று ஆங்கிலத்தில் படித்துவிட்டுக் குட்டிச்சாத்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். தொக்கேபி பழைய துடைப்பம் மாதிரியான, மனிதன் கைபட்டுத் தேய்ந்த பொருளிலிருந்து உண்டாவது. வழியில் போகிறவனை மல்யுத்தத்துக்குக் கூப்பிடும், கூழை உறையவைத்துச் செய்யும் பலகாரம் என்றால் உயிரை விடும்.

நரியும் அப்படித்தான். சீனக் கதைகளில் காதலிக்கும், படிக்கும், பழிவாங்கும். ஜப்பானில் இனாரி தெய்வத்தின் தூதர். கொரியாவின் ஒன்பது வால் நரியான குமிஹோ பெரும்பாலும் ஈரல் தேடி வருவது. நமக்கோ நரி என்றால் வடைக்காகக் காக்காயைப் பாட வைத்தது! 'நரிப் பெண்' என்ற சொல்லைக் கேட்டாலே உதட்டில் ஒரு சிரிப்பு வந்துவிடும். அதைக் கொஞ்சம் ஓரமாக வைக்கத்தான் வேண்டும். மலாய் பொந்தியானாக் மட்டும் நமக்குச் சட்டென்று பிடிபடும்: பிரசவத்தில் இறந்த பெண், பூ வாசனையோடு வருபவள், பின்கழுத்தில் ஆணி அடித்தால் அடங்குபவள். சிங்கப்பூரில் 1957இல் அவளைப் படமாக்கியவரும் இந்தியாவிலிருந்து போன பி. என். ராவ்தான்.

இங்கேதான் நம்மவர்களுக்கே உரிய ஒரு தவறு தலைகாட்டுகிறது: "எல்லாம் இங்கிருந்து போனதுதான்." 'மேற்குப் பயணம்' என்ற பழைய சீன நாவலில் வரும் குரங்கு சுன் வூகோங்கைப் பார்த்ததும், "அட, அனுமார்!" என்போம். சீன அறிஞர் ஹூ ஷியே அனுமாரின் சாயலைச் சொன்னவர்தான். ஆனால் சீன எழுத்தாளர் லூ சுன், அது சீனத்து நீர்க்குரங்குக் கதையிலிருந்து வந்தது என்று வாதிட்டார். வழக்கு இன்னும் முடியவில்லை. ஆசை காட்டும் சாட்சிகளும் உண்டு. அந்த நாவலின் துறவி வேறு யாருமல்ல, பள்ளிக்கூடத்தில் படித்த யுவான் சுவாங், 7ஆம் நூற்றாண்டில் காஞ்சிபுரம் வரை வந்தவர். சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் கையுவான் கோயில் கோபுரத்தில் 13ஆம் நூற்றாண்டுக் குரங்குச் சிற்பம் இருக்கிறது. அதே கோயிலில் ஒரு சிவன் கோயிலின் தூண்களும் நிற்கின்றன. அதே ஊரில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் கிடைத்திருக்கிறது. படிக்கும்போது எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் பக்கத்தில் இருப்பது வேறு, பெற்றெடுத்தது வேறு. சுன் வூகோங் அனுமாரைப் போலப் பணிவாக இருப்பார் என்று எதிர்பார்த்துப் படித்தால், சொர்க்கத்தின் பீச் பழங்களை அவன் திருடித் தின்னும் இடத்திலேயே முகம் சுளித்துவிடுவோம். அவன் அழகே அந்தத் திமிர்தான்.

மூலத்தைத் தேடுவதை விட, ஒரு கதை ஊருக்கு ஊர் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதில் சுவை அதிகம். 1378ஐ ஒட்டி சீனத்தில் ச்சூ யூ எழுதிய தொகுப்பில், செம்மலர் விளக்கோடு தோழி முன்னே நடக்க, இரவில் ஒரு பெண் வருகிறாள். பக்கத்து வீட்டுக்காரர் சுவர் ஓட்டையில் பார்த்தால், இளைஞனின் அருகே பவுடர் பூசிய எலும்புக்கூடு உட்கார்ந்திருக்கிறது. இந்தத் தொகுப்பைப் படித்துத்தான் கொரியாவில் கிம் சி-சுப்பும் வியட்நாமில் ங்குயென் சூவும் தங்கள் கதைகளை எழுதினார்கள். ஜப்பானில் 1666இல் அசாய் ரியோய் அந்த விளக்குக் கதையை ஜப்பானிய மண்ணுக்கு மாற்றினார். பிறகு கதைசொல்லி சான்யூதேய் என்ச்சோ அதை மேடையில் சொல்லிச் சொல்லி வளர்த்தார். அவர் சொன்னதைச் சுருக்கெழுத்தில் பிடித்து 1884இல் அச்சிட்டார்கள். சீனத்தில் கண்ணுக்குத் தெரிந்த எலும்புக்கூடு, என்ச்சோவிடம் காதுக்குக் கேட்கும் சத்தமாகிவிடுகிறது: மரச்செருப்பின் 'காரன் கோரோன்'. பேய்க்குக் கால் தரையில் படாது என்று நாம் சொல்வோம். ஜப்பானிய ஓவியங்களிலும் பேய்க்குப் பெரும்பாலும் கால் கிடையாது. இவளோ செருப்புச் சத்தத்தோடு வருகிறாள். வாசலில் ஒட்டிய மந்திரச் சீட்டைக் கிழித்து அவளை உள்ளே விடுவதும் பேய் இல்லை, பணத்துக்கு ஆசைப்பட்ட பக்கத்து வீட்டுக்காரன்.

பெரிய புத்தகத்தில் ஆரம்பிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 'மேற்குப் பயணம்' நூறு அத்தியாயம். ஆர்தர் வேலி 1942இல் அதில் முப்பதை மட்டும் ஆங்கிலத்தில் தந்தார், முதல் வாசிப்புக்கு அது போதும். வட இந்தியப் பக்கம் போகிறவர்களும் உருதுவின் பல ஆயிரம் பக்க 'திலிஸ்ம்-ஏ-ஹோஷ்ருபா'வில் குதிக்காமல், தேவகி நந்தன் கத்ரியின் இந்தி நாவல் 'சந்திரகாந்தா'விலிருந்து ஆரம்பிக்கலாம். அங்கே மந்திரம் என்று வாய் பிளந்தது பின்னால் யந்திரம் என்று தெரியவரும்.

அப்புறம், சீன இணைய நாவல்கள். இவற்றைப் பலரும் இயந்திர மொழிபெயர்ப்பில்தான் படிக்கிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் ஆண் பெண் மாறுவதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஆங்கிலத்தில் 'கல்டிவேஷன்' என்று போட்டிருப்பதைத் தமிழாக்கியபோது, "அவன் குகைக்குள் முந்நூறு வருடம் சாகுபடி செய்தான்" என்று வந்தது. கதாநாயகன் மலையுச்சியில் நெல் போடுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். அது தாவோ என்ற சீன ஆன்மிக மரபின் பயிற்சி: மூச்சைக் கட்டி, உள்ளே பொற்குளிகை திரட்டி, சாவைத் தள்ளிப்போடுவது. இதற்கு ஹாரி பாட்டர் வகை மந்திரவாதியை நினைத்தால் ஒன்றும் புரியாது. குளிகை, காயகற்பம், சித்தி எல்லாம் நம் சித்தர் பேச்சில் புழங்கும் சொற்கள். போகரே சீனத்தோடு தொடர்புள்ளவர் என்று சொல்லும் மரபும் இங்கே உண்டு. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்ற பஞ்சாயத்து வேண்டாம், சொல் இருக்கிறது, அது போதும். அந்த நான்கைந்து சொல்லையும், பாத்திரங்களின் பெயர்களையும் (குடும்பப் பெயர் முன்னால் வரும் என்பதையும்) ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அட்டைக்குள் வைத்துக்கொண்டேன். 'சாகுபடி' வரும் இடத்திலெல்லாம் மனசுக்குள் 'சாதகம்' என்று மாற்றிக்கொள்கிறேன். கதை ஓடுகிறது.