ஜெர்மன் இரும்புச் சிலுவை: அசலா போலியா என்று பார்ப்பது எப்படி?

போர்க்கால ஜெர்மன் பதக்கங்களைச் சேர்க்க ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் முதலில் ஹிட்லர் காலத்துப் பொருளில்தான் கை வைக்கிறார்கள். போலிகள் குவிந்து கிடப்பதும் அங்கேதான். என் யோசனை வேறு. 1914 என்று பொறித்த, இரண்டாம் வகுப்பு இரும்புச் சிலுவையில் தொடங்குங்கள். முதல் உலகப் போரில் சுமார் 50 லட்சம் பதக்கங்கள் வழங்கப்பட்டன. அசல் தாராளமாகக் கிடைப்பதால் கண் பழக இதைவிட நல்ல பொருள் கிடையாது.

ஒரு சின்னக் காந்தம், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப், வெர்னியர் காலிப்பர், யுவி டார்ச். இவை போதும்.

1. எந்தப் போரின் பதக்கம்?

நெப்போலியனை எதிர்த்த போருக்காகப் பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரடெரிக் வில்லியம் 1813-இல் ஏற்படுத்திய விருது இது. பிறகு 1870, 1914, 1939 ஆகிய ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்டது. 1914 பதக்கத்தின் முன்பக்கத்தில் மேலே கிரீடம், நடுவில் கைசர் வில்ஹெல்மைக் குறிக்கும் 'டபிள்யூ', கீழே ஆண்டு. பின்பக்கத்தில் கிரீடத்தோடு, விருதை ஏற்படுத்திய மன்னரின் பெயரைக் குறிக்கும் 'எஃப்டபிள்யூ', நடுவில் ஓக் இலைகள், கீழே 1813. 1939 பதக்கத்தில் முன்னால் ஸ்வஸ்திகாவும் ஆண்டும், பின்னால் வெறும் 1813. ஆக, 1813 என்று இருப்பதாலேயே அது நெப்போலியன் காலத்துப் பொருள் ஆகிவிடாது. அகலத்தையும் அளந்து பாருங்கள்: 1914-க்கு ஏறக்குறைய 42 மி.மீ., 1939-க்கு 44 மி.மீ.

2. விளிம்பைப் பாருங்கள்

இங்கே அவசரப்படாதீர்கள். பாதித் தீர்ப்பு இதிலேயே வந்துவிடும்.

அசல் பதக்கம் மூன்று துண்டுகளால் ஆனது. நடுவில் கறுப்புப் பூசிய இரும்புத் தகடு. அதை முன்னும் பின்னும் இரண்டு சட்டங்கள் கவ்வியிருக்கும். சட்டங்கள் வெள்ளி, அல்லது வெள்ளி முலாம் பூசிய உலோகம். இரண்டு சட்டங்களையும் வெளி விளிம்பில் பற்றவைத்திருப்பார்கள். பதக்கத்தைப் பக்கவாட்டில் திருப்பி, அந்த விளிம்பை லூப் வழியாகச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். சட்டங்கள் சேர்ந்த கோடு மெல்லியதாக ஓடும். நன்றாக அரம் போட்டுத் தேய்த்த இடத்தில் மறைந்தாலும் எங்காவது ஒரு மூலையில் தலைகாட்டும்.

அப்புறம் முன்பக்கம் திருப்பி, தகடும் சட்டமும் சந்திக்கும் இடத்துக்கு லூப்பைக் கொண்டுபோங்கள். அசலில் தகடு சட்டத்துக்கு அடியில் நுழைந்து போவது தெரியும். நூலிழை அளவு இடைவெளி இருக்கும், அதில் பழைய அழுக்கு அடைந்திருக்கும். மலிவான போலி முழுவதும் ஒரே வார்ப்பு. கறுப்பும் வெள்ளியும் பூசித்தான் தகட்டையும் சட்டத்தையும் பிரித்துக் காட்டியிருப்பார்கள். சந்திப்பு வழவழவென்று வளைந்து மேலேறும்.

சட்டத்தின் உள்விளிம்பில் நுண்ணிய மணிவரிசை ஒன்று ஓடும். அச்சில் அடித்ததில் ஒவ்வொரு மணியும் தனித்தனியாகக் கூர்மையாக நிற்கும். வார்த்ததில் மழுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், நடுநடுவே காற்றுக் குமிழ் விட்ட குழிகளும் தெரியும்.

3. காந்தம்

1914 பதக்கத்தின் நடுவில் காந்தம் ஒட்ட வேண்டும். ஒட்டிவிட்டால் அசல் என்று முடிவு கட்டாதீர்கள். போலி செய்பவருக்கும் இரும்பு கிடைக்கத்தானே செய்கிறது? 1939 பதக்கங்களிலோ பித்தளைத் தகடு வைத்த, காந்தம் ஒட்டாத அசல்களும் உண்டு.

4. தேய்மானம்

சட்டையில் உரசித் தேய்ந்த பதக்கத்தில் கிரீடத்தின் மேடு, எண்களின் முகடு போன்ற உயர்ந்த இடங்களில்தான் கறுப்பு போயிருக்கும். வெள்ளி கறுப்பது பள்ளங்களில். அமிலத்தில் நனைத்துப் பழமையாக்கியதில் மேடு பள்ளம் என்ற வித்தியாசமே இல்லாமல் எல்லா இடமும் ஒரே பழுப்பாக இருக்கும்.

5. வளையத்தில் முத்திரை

ரிப்பன் கோக்கும் வளையத்தில் சிலவற்றில் தயாரிப்பாளரின் குறி இருக்கும். 'கேஓ' என்றால் பெர்லின் அரச நாணயச்சாலை. 1939-இல் எண்கள்: 4 என்றால் லூடன்ஷைட் ஊரின் ஸ்டைன்ஹாவர் உண்ட் லூக், 65 என்றால் இடார்-ஓபர்ஷ்டைனின் கிளைன் உண்ட் குவென்சர். குறியே இல்லாத அசல்களும் ஏராளம், அது குறையல்ல. போலி செய்பவருக்கு மிகச் சுலபமான வேலை ஓர் எண்ணைக் குத்துவதுதான். அதனால் எண்ணை மட்டும் நம்பாமல், அதே தயாரிப்பாளரின் உறுதியான அசலின் படத்தைப் பக்கத்தில் வைத்து 1, 8 ஆகிய எண்களின் வடிவத்தையும் கிரீடத்தின் கோடுகளையும் ஒப்பிடுங்கள். ஒவ்வொரு பட்டறையின் அச்சுக்கும் தனி முகம் உண்டு.

அச்சு உண்மையானதாகவே இருந்தும் ஏமாற வாய்ப்புண்டு. வியன்னாவின் ருடால்ஃப் சூவால் நிறுவனம் போர் முடிந்த பிறகும் இப்படிப்பட்ட பதக்கங்களைச் செய்தது. ஸ்வஸ்திகாவுக்குப் பதில் ஓக் இலை உள்ள 1939 பதக்கம் இன்னொரு வகை. பழைய விருதுகளை ஸ்வஸ்திகா நீக்கி அணியலாம் என்று மேற்கு ஜெர்மனி 1957-இல் சட்டம் போட்ட பிறகு வந்தது அது. போலி இல்லை, ஆனால் போர்க்காலத்ததும் இல்லை.

6. ரிப்பன்

1914-இல் போர்முனை வீரர்களின் ரிப்பன் கறுப்பு, ஓரங்களை ஒட்டி வெள்ளைக் கோடுகள். இருட்டில் யுவி டார்ச் அடியுங்கள். நீலவெள்ளையாகப் பளிச்சென்று ஒளிர்ந்தால் துணி பிற்காலத்தது. ரிப்பனை மட்டும் பிறகு மாற்றியிருக்கலாம் என்பதால் இதை வைத்துப் பதக்கத்தை ஒதுக்க வேண்டாம்.

7. கூட வரும் கதை

1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைக் குண்டு வீசித் தாக்கிய எம்டன் கப்பல் மாலுமியுடைய பதக்கம் என்று யாராவது சொன்னால் நமக்கு ஆசை வரும். பெயர் எழுதிய விருதுச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதையும் லூப்பில் பாருங்கள்: முத்திரை மையும் கையெழுத்தும் வண்ணப் புள்ளிகளாகச் சிதறித் தெரிந்தால் அது பிரிண்டர் வேலை. காகிதம் இல்லையென்றால் சாதாரண 1914 பதக்கத்தின் விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள். இதில் எனக்குக் கோபமே உண்டு. எங்கோ ஒரு அகழியில் நின்ற மனிதனின் பெயரில் பொய் சொல்லிக் காசு பார்ப்பது அவனுக்கும் வரலாற்றுக்கும் செய்கிற அநியாயம்.

சரி, எல்லாம் பார்த்து வாங்கியாயிற்று. தயவுசெய்து பாலிஷ் போடாதீர்கள். பள்ளத்துக் கறுப்பும் இடுக்கு அழுக்கும் போய்விட்டால், அடுத்து பார்ப்பவருக்கு அசல் என்று காட்டப் பாதிச் சான்று இருக்காது. உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, ஈரம் படாத இடத்தில் வைத்தால் போதும்.