தருமபுரி, கிருஷ்ணகிரி கபடி ரசிகர்களுக்கு மாஸ்டடானில் ஒரு குழு அமைப்பது எப்படி?

பொங்கலையும் ஊர்த் திருவிழாக்களையும் ஒட்டி நம் இரு மாவட்டங்களில் நடக்கும் கபடிப் போட்டிகளின் செய்தி இன்றும் சுவரொட்டிகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும்தான் பரவுகிறது. பென்னாகரத்தில் நடக்கும் போட்டியின் அறிவிப்பு அரூருக்குச் சேர வேண்டுமானால், இரண்டு ஊர்க் குழுக்களிலும் இருக்கும் ஒருவர் அதை எடுத்து அனுப்ப வேண்டும். மறுவாரம் இறுதி ஆட்டத்தின் புள்ளிகளைத் தேடினால், அவை காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்திருக்கும். அந்தச் செய்திகளைப் பொதுவில் எழுதி, பிறகும் தேடி எடுக்கும்படி சேர்த்துவைக்க விரும்புகிறவர்களுக்காக இந்த விளக்கத்தை எழுதுகிறேன்.

மாஸ்டடான் என்பது ட்விட்டரைப் போலச் சிறு பதிவுகளை எழுதிப் பகிரும் சமூக வலைத்தளத்துக்காக, ஓய்கன் ரோக்கோ என்பவர் 2016-இல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள். இதை யார் வேண்டுமானாலும் தம் கணினியில் நிறுவி, தனி வழங்கியாக (சர்வர்) நடத்தலாம். வழங்கிகள் தமக்குள் பேசிக்கொள்ள ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறை உதவுகிறது. 2018-இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு இதைத் தன் பரிந்துரையாக ஏற்றது. ஒரு வங்கியில் கணக்கு வைத்திருப்பவர் யுபிஐ மூலம் வேறு வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்புவதைப் போல, ஒரு வழங்கியில் இருப்பவர் இன்னொரு வழங்கியில் இருப்பவரைப் பின்தொடரவும் அவருக்கு மறுமொழி எழுதவும் முடியும்.

படி 1: வழங்கியைத் தேர்ந்தெடுத்தல்

தொடக்கத்திலேயே சொந்த வழங்கி நடத்த ஆசைப்பட வேண்டாம். அதற்கு மாதச் செலவும் பராமரிப்பும் தேவை. குழு வளர்ந்த பிறகு யோசித்துக்கொள்ளலாம். மாஸ்டடானின் அதிகாரபூர்வத் தளத்தில் உள்ள பட்டியலிலிருந்து ஒரு வழங்கியைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பட்டியலில் இடம்பெறும் வழங்கிகள், மூடுவதாக இருந்தால் மூன்று மாதங்களுக்கு முன்பே அறிவிப்பதாக ஒப்புக்கொண்டவை. முதலில் சேரும் பத்துப் பதினைந்து பேரும் ஒரே வழங்கியில் சேர்வது நல்லது. அதற்கான காரணத்தைப் படி 3-இல் சொல்கிறேன்.

படி 2: கணக்கும் ஹேஷ்டேக்கும்

உங்கள் சொந்தக் கணக்கைத் தவிர, குழுவுக்கென ஒரு தனிக் கணக்கைத் தொடங்குங்கள். பயனர்பெயர் ஆங்கில எழுத்துகளில்தான் அமைய வேண்டும். அதன் மேலே தெரியும் காட்சிப் பெயரைத் தமிழில் வைக்கலாம். ஒரு பதிவில் வழக்கமாக 500 எழுத்துகள் வரை எழுதலாம். 

ஹேஷ்டேக்கை முடிவு செய்வதில் அவசரம் கூடாது. ‘தருமபுரி’ என்று எழுதுவோரும் ‘தர்மபுரி’ என்று எழுதுவோரும் நம்மிடையே இருக்கிறார்கள். மென்பொருளுக்கு அவை இரண்டும் வெவ்வேறு குறிச்சொற்கள். ஆகவே #தருமபுரிகபடி, #கிருஷ்ணகிரிகபடி என ஒரே எழுத்து வடிவத்தை முடிவு செய்து, குழுக் கணக்கின் அறிமுகத்தில் எழுதி, அதை விளக்கும் பதிவையும் பக்கத்தின் உச்சியில் நிலைநிறுத்துங்கள். மாஸ்டடானில் ஹேஷ்டேக்கையே பின்தொடரும் வசதி உண்டு என்பதை உறுப்பினர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

படி 3: ஆட்களைச் சேர்த்தல்

புதியவர்கள் சோர்ந்து விலகும் இடம் இதுதான். பெரிய நிறுவனங்களின் தளங்களில் எதை யாருக்குக் காட்டுவது என்பதை அந்த நிறுவனத்தின் கணிப்புமுறை முடிவு செய்கிறது. மாஸ்டடானின் முகப்பு ஓடையிலோ (பதிவுகள் வரிசையாக வரும் பக்கம்) நீங்கள் பின்தொடர்பவை மட்டும், நேர வரிசையில் வரும். அதோடு, ஒரு வழங்கி உலகிலுள்ள எல்லாப் பதிவுகளையும் வாங்கி வைப்பதில்லை. பெரும்பாலும் தன் பயனர்களில் ஒருவராவது பின்தொடரும் கணக்குகளின் பதிவுகளே அதற்கு வந்துசேர்கின்றன. பாலக்கோட்டு நண்பர் ஒரு வழங்கியிலும் ஓசூர் நண்பர் வேறொரு வழங்கியிலும் இருந்து, ஓசூர் வழங்கியில் எவரும் பாலக்கோட்டுக்காரரைப் பின்தொடரவில்லை என்றால், அவர் சரியான ஹேஷ்டேக்கோடு எழுதினாலும் ஓசூரில் தேடுபவருக்கு அது கிடைக்காமல் போகலாம். வெறுமையான அந்தத் திரையைப் பார்த்து “இங்கே ஆளே இல்லை” என்று முடிவு கட்டுவது தவறு.

இதற்குத்தான் குழுக் கணக்கு. அது எல்லா உறுப்பினர்களையும் பின்தொடர வேண்டும். நம் ஹேஷ்டேக்கில் வரும் நல்ல பதிவுகளையெல்லாம் மறுபகிர்வு செய்ய வேண்டும். குழுக் கணக்கை எந்த வழங்கியிலிருந்து ஒருவர் பின்தொடர்ந்தாலும், அந்த மறுபகிர்வுகள் வழியாக மூலப் பதிவுகள் அவருடைய வழங்கிக்கும் வந்துவிடும். ஒருவர் அன்றாடம் கால் மணி நேரம் செலவிட்டால் போதும்.

வாட்ஸ்அப் குழுவைக் கலைத்துவிட்டு வரச் சொல்லாதீர்கள். யாரும் வர மாட்டார்கள். அங்கே பேச்சு நடக்கட்டும்; அறிவிப்பும் முடிவும் இங்கே பதிவாகட்டும்; இணைப்பை அங்கே பகிருங்கள்.

படி 4: என்ன எழுதுவது

புரோ கபடி லீக்கைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். காரிமங்கலத்திலோ ஊத்தங்கரையிலோ இரவு மின்விளக்கில் நடக்கும் போட்டியைப் பற்றி எழுத நம்மை விட்டால் ஆளில்லை. சுவரொட்டியின் படத்தை மட்டும் போடாமல், நாள், திடல், எடைப் பிரிவு, நுழைவுக் கட்டணம், பரிசுத் தொகை ஆகியவற்றை எழுத்திலும் தட்டச்சு செய்யுங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்து தேடலில் கிடைக்காது. அமைப்பாளரின் கைபேசி எண்ணை அவரிடம் கேட்காமல் வெளியிட வேண்டாம்.

ஆட்டம் நடக்கும்போது ஒவ்வொரு ரைடுக்கும் ஒரு பதிவு போட்டால் மற்றவர்கள் திணறிப்போவார்கள். முதல் பதிவைப் பொதுவில் எழுதி, அடுத்தடுத்தவற்றை அதற்கு மறுமொழியாக, பொது ஓடையில் தோன்றாத அமைதியான பதிவுகளாகத் தொடருங்கள். லீக் ஆட்டங்களின் முடிவை உள்ளடக்க எச்சரிக்கைக்குள் (சொடுக்கினால் மட்டுமே பதிவு தெரியும் வசதி) மறைத்து எழுதுவது நல்ல பழக்கம்; ஓசூர் ஆலைகளில் இரண்டாம் ஷிப்டு முடித்து வந்து ஆட்டத்தைப் பார்ப்பவர்கள் நன்றி சொல்வார்கள். தொலைக்காட்சிக் காட்சிகளை வெட்டிப் போடுவது பதிப்புரிமைச் சிக்கல். திடலில் நீங்களே எடுத்த படங்கள் போதும்.

படி 5: விதிகள்

ஓசூரில் தமிழ் தலைவாஸ் ரசிகரும் பெங்களூரு புல்ஸ் ரசிகரும் ஒரே தெருவில் இருப்பார்கள். தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுதுவோரும் வருவார்கள். பதிவின் மொழியைச் சரியாகக் குறிக்கச் சொன்னால், வேண்டிய மொழிகளை மட்டும் பார்க்கும் வசதி ஒழுங்காக வேலை செய்யும். கேலி இருக்கட்டும், அதுவும் இல்லாவிட்டால் கபடி ருசிக்காது. ஆனால் சாதியையோ ஊரையோ இழுத்து இழிவாகப் பேசுவதற்கு இடமில்லை என்று முதல் நாளே எழுதிவையுங்கள். பள்ளி மாணவ மாணவியரின் படங்களுக்குப் பெற்றோரின் இசைவு வேண்டும். பந்தயச் செயலிகளின் விளம்பரத்துடன் வருபவர்களை உடனே தடைசெய்யுங்கள். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரத்தையும் தடைசெய்யும் மத்தியச் சட்டம் 2025-இல் இயற்றப்பட்டிருக்கிறது.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஹேஷ்டேக்குக்கு உரிமையாளர் கிடையாது. பிறர் எழுதியதை உங்களால் நீக்க முடியாது. மறுபகிர்வு செய்யாமல் விடலாம், தடைசெய்யலாம், வழங்கியின் நிர்வாகியிடம் புகார் அளிக்கலாம், அவ்வளவுதான். நீக்கும் அதிகாரம் தேவைப்படும் அளவுக்குக் கூட்டம் பெருகினால், அதே நெறிமுறையில் இயங்கும் லெம்மி என்ற விவாத மென்பொருளில் ஒரு சமூகத்தைத் தொடங்குங்கள். அங்கே மட்டுறுத்துநர்கள் (சமூகத்தைக் கண்காணிப்பவர்கள்) பதிவுகளை நீக்கலாம், நீக்கியதற்கான குறிப்பும் பொதுவில் தெரியும். மாஸ்டடான் பயனர்கள் தம் கணக்கிலிருந்தே அந்தச் சமூகத்தைப் பின்தொடரலாம்.

படி 6: காப்பு

தனிச் செய்திகள் முழு மறையாக்கம் செய்யப்படுவதில்லை. வழங்கி நிர்வாகியால் படிக்க முடியும். ஆகவே வங்கி விவரங்களையும் வீரர்களின் ஆதார் நகல்களையும் அங்கே அனுப்பாதீர்கள். வழங்கி மூடப்பட்டாலோ பிடிக்காமல் போனாலோ கணக்கை வேறு வழங்கிக்கு மாற்றலாம். பின்தொடர்பவர்கள் கூடவே வருவார்கள், பழைய பதிவுகள் வர மாட்டா. எனவே ஒவ்வொரு தொடர் முடிந்ததும் அமைப்புகளுக்குள் சென்று பதிவுகளின் காப்பகத்தைத் தரவிறக்கி வையுங்கள். குழுக் கணக்கின் கடவுச்சொல்லை நம்பிக்கைக்குரிய இன்னொருவரிடமும் கொடுத்துவையுங்கள்.