குறைந்த செலவில் ரேஸிங் கிளவுஸ்: முதல் ஜோடியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பைக்கிலிருந்து விழும்போது கை தானாக முன்னே போகும். யாரும் யோசித்துச் செய்வதில்லை. நடக்கும்போது தடுக்கி விழுந்தாலும் அப்படித்தான், ட்ராக்கில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் விழுந்தாலும் அப்படித்தான். பெரும்பாலும் முதலில் தரையைத் தொடுவது உள்ளங்கையின் அடிப்பகுதி, அதாவது மணிக்கட்டை ஒட்டிய சதைப்பற்றான இடம். கிளவுஸ் வாங்கப் போகும்போது இதை மறக்காமல் இருந்தாலே தவறான ஜோடிகளில் பாதியைக் கழித்துவிடலாம்.

ஆனால் கடையில் நம் கண் போவது கையுறையின் மேல்பக்கத்துக்குத்தான். விரல் முட்டியில் பளபளக்கும் கார்பன் கவசம், பெரிய எழுத்தில் பிராண்ட் பெயர். என் முதல் ஜோடியை அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். ட்ராக்கில் இரண்டாவது நாள், மெதுவான ஒரு வளைவில் முன்சக்கரம் வழுக்கி விழுந்தேன். எழுந்து பார்த்தால் இடது கையில் கிளவுஸ் இல்லை. சில அடி பின்னால் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன்: ஸ்ட்ராப் ஒட்டியது ஒட்டியபடி இருந்தது, கை மட்டும் வெளியே வந்திருக்கிறது. முட்டிக் கவசத்தில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளங்கைத் தோல் உரிந்து, மூன்று வாரம் அந்தக் கையால் ஒரு தண்ணீர்க் குவளையைப் பிடிக்க முடியவில்லை. கீழே உள்ள வரிசை அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்டது.

படி 1: விதிமுறையைப் படியுங்கள், கையை அளந்துகொள்ளுங்கள்

நீங்கள் கலந்துகொள்ளப் போகும் போட்டியின் விதிப் புத்தகத்தில் கிளவுஸ் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். முழுக்க லெதராக இருக்க வேண்டும், ரேஸிங் சூட்டின், அதாவது உடம்பை மூடும் லெதர் உடையின், கைப்பகுதியை மூடும் அளவுக்கு நீளமாக இருக்க வேண்டும் என்றெல்லாம் கேட்பதுண்டு. வாங்கிய பிறகு தெரிந்தால் காசு வீண்.

அப்புறம் தையல் டேப்பை எடுத்து, எழுதும் கையின் விரல் முட்டிகளைச் சுற்றி அளவெடுங்கள். கட்டைவிரலைச் சேர்க்க வேண்டாம். நடுவிரலின் நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பிராண்டின் மீடியம் இன்னொரு பிராண்டின் லார்ஜாக இருக்கும், அதனால் அந்தந்த பிராண்டின் அளவு அட்டவணையோடு ஒப்பிடுங்கள். லெதர் போடப் போட கொஞ்சம் இளகும் என்பதால் புதிதில் இறுக்கமாக இருப்பது நல்லதே. ஆனால் கையை நீட்டி வைத்திருக்கும்போதே விரல் நுனி கிளவுஸின் முனையில் இடித்து அழுந்தினால் அது சின்ன அளவு.

படி 2: உள்ளே தைத்திருக்கும் லேபிளைப் பாருங்கள்

மோட்டார்சைக்கிள் கையுறைகளுக்கான ஐரோப்பிய தரம் இஎன் 13594. இப்போது பரவலாகப் பார்க்கக் கிடைப்பது அதன் 2015ஆம் ஆண்டுப் பதிப்பு. ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்பதைக் காட்டும் வெறும் சிஇ முத்திரை மட்டும் இருந்தால் போதாது. தோட்ட வேலைக்கான கையுறைக்குக்கூட அது இருக்கும். பைக் ஓட்டுபவரின் சின்னப் படமும், இந்தத் தர எண்ணும், 1 அல்லது 2 என்ற நிலையும் சேர்ந்து இருக்க வேண்டும். பக்கத்தில் கேபி என்ற எழுத்துகள் இருந்தால் விரல் முட்டிக் கவசமும் சோதிக்கப்பட்டது என்று பொருள்.

இரண்டு நிலைகளுக்கும் உள்ள வித்தியாசம் சின்னதல்ல. உராய்வுச் சோதனையில் உள்ளங்கைப் பகுதி நிலை 1இல் 4 நொடி தாங்கினால் போதும், நிலை 2இல் 8 நொடி தாங்க வேண்டும். மணிக்கட்டைத் தாண்டி கைப்பட்டை, அதாவது கையுறையின் வாய்ப்பகுதி, நீளும் அளவு நிலை 1இல் குறைந்தது 15 மில்லிமீட்டர், நிலை 2இல் 50 மில்லிமீட்டர். ட்ராக்குக்கு நிலை 2 வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடினாலும் இதில் இறங்கிவர வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

படி 3: கையுறையைத் திருப்பி, உள்ளங்கையைப் பாருங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். மேல்பக்கம் லெதர், உள்ளங்கை மட்டும் செயற்கைத் தோல் என்று சில மாடல்கள் வரும். விலை குறைவதற்குக் காரணம் அதுவாக இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். மாட்டுத்தோல், வெள்ளாட்டுத்தோல் இரண்டும் நன்றாகத் தாங்கும். கங்காருத் தோல் மெல்லியது, அந்த மெலிவுக்கு மிகவும் உறுதியானது, பிடியின் உணர்வும் நன்றாகத் தெரியும். ஆனால் விலை ஏறும். முதல் ஜோடிக்கு அது அவசியமில்லை.

உள்ளங்கையின் அடியில் கெட்டியான, வழவழப்பான ஒரு துண்டு இருக்கிறதா? அதைத்தான் ஸ்லைடர் என்பார்கள். லெதர் தார்ச்சாலையைக் கவ்விப் பிடிக்கும். உடம்பு முன்னே போய்க்கொண்டிருக்க, கை மட்டும் ஓரிடத்தில் நின்றுவிட்டால் அந்த விசை முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். அங்கே கட்டைவிரல் பக்கமாக ஸ்கேஃபாய்டு என்ற சிறிய எலும்பு இருக்கிறது. அதற்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனை வழியாகவே வருகிறது. நடுவில் உடைந்தால் மறுபாதிக்கு ரத்தம் குறைந்து, சேர மாதக்கணக்கில் ஆகலாம். ஸ்லைடர் இருந்தால் கை கவ்விக்கொள்ளாமல் சறுக்கிக்கொண்டு போகும். பட்டனைப் போன்ற சின்னத் துண்டு போதாது, அந்தச் சதைப்பகுதியை மூடும் அளவுக்கு இருக்க வேண்டும்.

சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் ஒரு லெதர் துண்டால் இணைத்திருந்தால் அது கூடுதல் நன்மை. தனியாக விரிந்து மடங்கும் ஆபத்து சுண்டுவிரலுக்கு அதிகம்.

படி 4: தையலை இழுத்துப் பாருங்கள்

இரண்டு விரல்களுக்கு நடுவே உள்ள தையலை இரு பக்கமும் பிடித்து லேசாக விரியுங்கள். நூலுக்கு இடையே வெளிச்சம் தெரிந்தால், தோலில் துளைகள் நீண்டால் வேண்டாம். உள்ளங்கையின் ஓரத்தில் இரட்டைத் தையல் இருப்பது நல்லது. விரல் நுனியில் தையலின் முடிச்சு உள்ளே உறுத்தினால், அரை மணி நேரத்தில் பிரேக் பிடிக்கும் விரல் மரத்துப்போகும்.

படி 5: கழற்றிப் பார்க்கும் சோதனை

என்னைக் காப்பாற்றியிருக்கக்கூடிய சோதனை இது. இரண்டு கையிலும் போட்டு, மணிக்கட்டு ஸ்ட்ராப்பை இறுக்குங்கள். கூட வந்தவரிடம் உங்கள் கிளவுஸின் விரல் நுனிகளைச் சேர்த்துப் பிடித்து நன்றாக இழுக்கச் சொல்லுங்கள். கை கொஞ்சம்கூட நழுவக் கூடாது. மணிக்கட்டின் ஒடுங்கிய இடத்தை ஸ்ட்ராப் சுற்றி வளைக்க வேண்டும். கைப்பட்டையின் விளிம்பில் இருக்கும் வெல்க்ரோ மட்டும் கையைப் பிடித்து நிறுத்தாது. என் பழைய ஜோடியில் இருந்தது அந்த ஒன்றுதான். மணிக்கட்டில் ஒன்று, விளிம்பில் ஒன்று என இரண்டு இருந்தால் நிம்மதி. கடைக்காரர் முகம் சுளித்தாலும் இழுத்துப் பார்த்துவிட்டே வாங்குங்கள்.

படி 6: பிடித்துப் பாருங்கள்

முடிந்தால் ஒரு பைக்கில் உட்கார்ந்து, இரண்டு விரலால் பிரேக் லீவரைப் பிடியுங்கள், ஆக்சிலரேட்டரை முழுவதும் திருகுங்கள். உள்ளங்கையில் தோல் சுருண்டு மடிப்பு விழுந்தால் அங்கே கொப்புளம் வரும். சூட் போட்டுக்கொண்டு போனால் இன்னும் நல்லது. கைப்பட்டை சூட்டின் மேல் ஏறி மூடுகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

சரி, செலவை எங்கே குறைப்பது? கார்பனுக்குப் பதில் கெட்டியான பிளாஸ்டிக் முட்டிக் கவசம் போதும், லேபிளில் கேபி இருந்தால். போன வருட மாடல், யாரும் கேட்காத நிறம் என்றால் பல நேரம் விலை நன்றாகக் குறையும். ரேஸ் வீரர்களின் பெயர் போட்ட பதிப்புகளைத் தொடவே வேண்டாம். பழைய ஜோடி ஒன்று மலிவாகக் கிடைத்தால் ஸ்லைடரைப் பாருங்கள். தேய்ந்த கோடுகள் இருந்தால் அது ஏற்கெனவே ஒருவரோடு விழுந்திருக்கிறது, விட்டுவிடுங்கள்.

வாங்கிய புது ஜோடியை நேராகப் போட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள். நாலைந்து மாலை வீட்டில் போட்டுக்கொண்டு ஒரு பழைய ஹேண்டில் கிரிப்பைப் பிடித்துப் பிடித்து விடுங்கள், விரல் மடிப்புகள் இளகும். வியர்வையில் நனைந்தால் நிழலில் உலர்த்துங்கள். வெயிலிலோ ஹீட்டர் பக்கத்திலோ வைத்தால் தோல் காய்ந்து வெடிக்கும். ஒரு முறை விழுந்துவிட்டால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் ஒவ்வொரு தையலையும் விரித்துப் பாருங்கள். ஒரு நூல் அறுந்திருந்தாலும் அதே ஜோடியோடு மறுபடி ட்ராக்கில் இறங்க வேண்டாம்.